ஓடாத மோட்டார் சைக்கிளின் புகை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முன்னால் நின்று கொஞ்சம் பேசச் சொன்னார்கள். எனக்கு ஆட்களுக்கு முன்னால் பேச வராது. இத்தனை வருடம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவளுக்குப் பேச வராதா என்று நீங்கள் சிரிக்கலாம். கேள்வி கேட்பது வேறு. கேள்வி தாளில் இருக்கும், நான் வாசித்தால் போதும். அதனால் இதையும் எழுதித் தருகிறேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வாசியுங்கள். அந்த நேரம் உங்களுக்கு நிறையக் கிடைக்கும்.

நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள். காபனீரொட்சைட்டு, அதாவது கரியமில வாயு, என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை பாடமாக்கினேன், பரீட்சை முடிய மறந்தேன். பிறகு அதுவே எனக்குச் சோறு போடும் என்று நினைக்கவில்லை. இந்த வேலையில் சேர்ந்த முதல் வருடம், கறுப்பாகப் புகை தள்ளும் லொறியைக் கண்டால்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கறுப்பு நாங்கள் தேடுவது அல்ல. நாங்கள் தேடுவது கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. எவ்வளவு எண்ணெய் எரிந்தது என்று தெரிந்தால் அது எவ்வளவு வந்தது என்று கணக்குப் போடலாம், அவ்வளவுதான். எங்கள் வேலை முழுவதும் ஒரே கேள்வி: இந்த எண்ணெய் எந்த எஞ்சினில் எரிந்தது?

இது சின்னக் கேள்வி இல்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல்நாள் ஒருமுறை ரோட்டோரம் நின்று வாகனம் எண்ணினேன். ஒரு லாண்ட்மாஸ்டர் வந்தது. பின்னால் பெட்டியில் ஒரு குடும்பமே பாய் விரித்து இருந்தது. உழவு இயந்திரம் என்றால் விவசாயத்தில் போட வேண்டும், ஆட்கள் போனால் போக்குவரத்தில் போட வேண்டும். மறித்து, ஓட்டி வந்தவரிடம் இதை எதில் போடுவது என்று கேட்டுவிட்டேன்.

"நெல்லு ஏத்தினா விவசாயம். மனிசியை ஏத்தினா போக்குவரத்து" என்றார்.

பெட்டியிலிருந்த மனைவி விடவில்லை. "அப்ப மாமியை ஏத்தினா?"

"அது பாரம் ஏத்துற கணக்கு."

மாமி பக்கத்தில்தான் இருந்தார். குடையின் காம்பால் மருமகனின் முதுகில் ஒரு குத்து விழுந்தது. நான் போக்குவரத்தில் போட்டேன். அப்படிச் சிரித்துக்கொண்டு எழுதிய நாட்களும் இருந்தன. ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது பிலோமினா வீட்டுக் கணக்கை.

எண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு வாகனத்துக்கும் கியூஆர் அட்டை கொடுத்து, கிழமைக்கு இவ்வளவு பெற்றோல்தான் என்று அளந்து ஊற்றிய காலம். பெற்றோல் செட்டில் கானைக் கொண்டுபோனால் ஊற்ற மாட்டார்கள். வாகனத்தோடு போனால்தான் ஊற்றுவார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின் வைத்திருந்தவர்களுக்குத் தனி அனுமதி இருந்தது. அதை எடுத்தவர்களுக்கும் பயிர் தாங்கும் அளவுக்குக் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் கணக்கு குழம்பியது. செட்டில் விற்ற பெற்றோல் எவ்வளவு என்று தெரியும். வாகனங்கள் ஓடிய தூரத்தை நாங்கள் வீடு வீடாகக் கேட்டு எழுதுவோம். இரண்டும் ஏறக்குறைய ஒத்துவர வேண்டும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒத்துவரவில்லை. ஆட்கள் ஓடியதாகச் சொன்ன தூரத்துக்கு அவ்வளவு பெற்றோல் தேவையே இல்லை. மிச்சம் எங்கே போனது?

எங்கள் மேலதிகாரி ஒரு இளம் பெண். மிஸ் என்று கூப்பிடுவோம். எனக்கு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். பெரிய படிப்புப் படித்தவர், ஆனால் யாரையும் அதட்டிக் கேட்க மாட்டார். "அக்கா, ஆட்கள் பொய் சொல்லுகினம் எண்டு நான் நினைக்கேல்லை. நாங்கள் சரியா விளங்காமல் கேக்கிறம் போல. நீங்கள் ஒருக்காப் போய் ஆறுதலா இருந்து கேட்டுப்பாருங்கோ" என்றார்.

அப்படித்தான் பிலோமினாவின் வீட்டுக்குப் போனேன். கணவர் கரைவலை இழுக்கப் போகிறவர், வலை வளைத்தால்தான் உழைப்பு. வீட்டை நிமிர்த்தி வைத்திருந்தது பின்னால் இருந்த கச்சான் தோட்டம், நிலக்கடலைச் செய்கை. அதைப் பார்த்தது பிலோமினா. நான் போன நேரம் கச்சான் பூத்திருந்தது. கடற்கரை மணல் தண்ணீரை நிறுத்தி வைக்காது, மிசின் ஒரு கிழமை நின்றால் செடி கருகிவிடும் என்று போனவுடனேயே சொன்னாள்.

வழக்கம்போலத் தாளின் முதல் பந்தியை வாசித்தேன். உங்களுக்கும் அது பாடமாகியிருக்கும். உங்கள் பெயரோ வாகன இலக்கமோ எங்கள் அலுவலகத்தைத் தாண்டி வேறு எவருக்கும் கொடுக்கப்பட மாட்டாது, உங்கள் பதிலால் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் வராது என்பது.

பிலோமினா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, இது உண்மையா வாசிக்கிறீங்களோ, இல்லாட்டிப் பூசை முடிய அறிவித்தல் வாசிக்கிற மாதிரிச் சும்மா வாசிக்கிறீங்களோ?" என்றாள்.

"உண்மைதான்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் யோசிக்காமல்தான் சொன்னேன். ஆயிரம் வீட்டில் வாசித்த பந்தி, ஒருவரும் அப்படித் திருப்பிக் கேட்டதில்லை.

"அப்ப கேளுங்கோ."

"மோட்டார் சைக்கிள் கிழமைக்கு எவ்வளவு தூரம் ஓடும்?"

"போக ஆறு கிலோமீற்றர். வர ஆறு."

"எங்க போறது?"

"பெற்றோல் செட்டுக்கு."

"வேற எங்கயும் போறேல்லையோ?"

"வேற எங்க? செட்டுக்குப் போகும், பெற்றோல் அடிக்கும், வீட்டை வந்து படுக்கும். எங்கள் எல்லாரையும் விட நல்ல சீவியம்."

நான் தாளைப் பார்த்து அடுத்த கேள்வியை வாசித்தேன். "சராசரியா என்ன வேகத்தில ஓடும்?"

"என்ர வேகம்தான் அக்கா. மணலுக்குள்ள கொஞ்சம் குறையும்."

எனக்கு விளங்கவில்லை. அவள் எழும்பிப் போய் மரமுந்திரிகைக்குக் கீழே மூடிக்கிடந்த படங்கைத் தூக்கினாள். மோட்டார் சைக்கிள் துடைத்துச் சுத்தமாக இருந்தது. கண்ணாடி இருந்தது, நம்பர் தகடு இருந்தது, பெற்றோல் தாங்கி இருந்தது. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்து மணல் தெரிந்தது. எஞ்சினை எப்போதோ கழற்றி அவளுடைய தம்பி தன்னுடையதுக்குப் போட்டுவிட்டானாம்.

கிழமைக்கு ஒருநாள் அவள் இதைச் செட்டுவரை உருட்டிக்கொண்டு போவாள். வரிசையில் நிற்பாள். அட்டையைக் காட்டித் தாங்கிக்குள் அடிப்பித்துக்கொண்டு திரும்ப உருட்டி வருவாள். குழாய் விட்டு இழுத்து மிசினுக்கு ஊற்றுவாள்.

"செட்டில ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"கேக்காமல்? ஏன் உருட்டிறீர், ஸ்டார்ட் பண்ணும் எண்டான் ஒருத்தன். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறன், நாட்டுக்கு நல்லது எண்டன். வரிசையில நிண்ட சனம் எல்லாம் சிரிச்சது. பாதிப்பேர் நெஞ்சுக்குள்ள பயந்துகொண்டு சிரிச்சது. அவங்களும் உருட்டிக்கொண்டு வந்தவங்கள்தானே."

மிச்சப் பெற்றோல் போன இடம் இதுதான். நாங்கள் மோட்டார் சைக்கிளின் தூரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அது கச்சானுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அந்த ஒழுங்கையிலும் அடுத்த ஒழுங்கையிலும் இதுவே கதை. ஒருத்தி சொன்ன பிறகு மற்றவர்களும் சொன்னார்கள். ஓடாத வாகனங்களை இலக்கத்தோடு தனியாக எழுதி, "நீர் இறைக்க" என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்தேன். மிஸ் பார்த்துவிட்டு மேசையில் கையால் தட்டிச் சிரித்தார். கணக்கு ஒத்துவந்தது.

அது சந்தோசமான நாள். அதற்கு அடுத்த மாதம்தான் மற்றது.

மிஸ் கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். கிளிநொச்சி அலுவலகத்தில் நான் தனியாக இருந்தேன். எண்ணெய்ப் பங்கீட்டையும் பார்த்து, எங்கள் கணக்கையும் சரிபார்க்கும் ஒரு அலுவலகத்திலிருந்து ஒரு சேர், பெரிய அதிகாரி, வந்தார். கெட்டவர் என்று எண்ண வேண்டாம். அவரும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருந்தார். சேட்டெல்லாம் கசங்கிப்போயிருந்தது. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தார்.

"அம்மா, நீங்கள் நல்ல வேலை செய்திருக்கிறியள். ஓடாத வாகனமெல்லாம் தனியாப் பிரிச்சு வைச்சிருக்கிறியளாம். அந்தத் தாள் கட்டைத் தாங்கோ, போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு தாறன்."

"என்னத்துக்கு சேர்?"

"ஓடாததுக்கு ஏன் பெற்றோல்? அந்த இலக்கங்களை நிப்பாட்டினா, ஓடுற அம்புலன்சுக்கும் பஸ்ஸுக்கும் கொஞ்சம் கூடக் குடுக்கலாம். நியாயம்தானே?"

நியாயம்தான். அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். அவர் அநியாயமாக ஒன்று கேட்டிருந்தால் எனக்கே கோபம் வந்து வாய் திறந்திருக்கும். நியாயமாகக் கேட்ட பெரிய மனிதருக்கு இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. கட்டு என் கைக்கெட்டும் அலுமாரியில்தான் இருந்தது. பிலோமினாவின் தாள் மேலேயே இருந்தது. கச்சான் பிடுங்க இன்னும் காலம் இருந்தது. அந்த இலக்கத்தை நிறுத்தினால் அடுத்த கிழமையே மிசின் நிற்கும்.

தேநீர் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். மெதுவாகத்தான் கதைத்தேன்.

மிஸ் முழுவதையும் கேட்டார். பிறகு, "அக்கா, நீங்கள் அவரோட வாதாட வேண்டாம். அது உங்களுக்கு வராது" என்றார்.

"ஓம் மிஸ்."

"வீடுகளில வாசிக்கிற அந்த முதல் பந்தி இருக்கெல்லோ. அதை அவருக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. அவ்வளவும் காணும். மிச்சத்தை நான் வந்து பாக்கிறன்."

"அவர் கோவிப்பார்."

"கோவிக்கட்டும். உங்களோட இல்லை, அந்தப் பந்தியோட கோவிக்கட்டும்."

தேநீரை மேசையில் வைத்துவிட்டு நிரப்பாத கேள்வித் தாள் ஒன்றை எடுத்தேன். "சேர், ஒண்டு வாசிக்கலாமோ?" என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். நான் கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே வாசித்தேன். வீடுகளில் கடகடவென்று வாசிக்கும் அதே பந்தி. அன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. எவருக்கும் கொடுக்கப்பட மாட்டாது என்ற இடத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டேன். திரும்ப முதலிலிருந்து வாசித்தேன்.

அவர் தேநீரைத் தொடவில்லை. "இதை வாசிச்சிட்டுத்தான் கேட்டனீங்களோ?"

"ஓம் சேர்."

"அவங்களும் நம்பிச் சொன்னவங்கள்."

"ஓம் சேர்."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி அம்மா. நான் கேக்கேல்லை. ஆனா நீங்களும் ஒண்டை விளங்கிக்கொள்ளோணும். இலக்கத்தைக் காட்டாத தாளை என்னால சரிபாக்க ஏலாது. சரிபாக்காத தாள் அறிக்கையில சேராது. அந்த வீடுகளைக் கழிச்சுத்தான் கணக்குப் போடுவம்."

அதுவும் நியாயம்தான்.

தேநீரை ஆறவிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார். நான் அலுமாரியைப் பூட்டினேன். அன்றைக்கு ஏதோ வென்றுவிட்டதாக நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படி இருக்கவில்லை. தலையிடிதான் இருந்தது.

அவர் சொன்னபடியே நடந்தது. மிஸ் எவ்வளவோ எழுதிப் பார்த்தார். இலக்கம் இல்லாமல் ஊர்வாரியாக மொத்தமாகத் தருகிறோம் என்று கேட்டார், ஏற்கவில்லை. கடைசியில் அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பாவது போடுவித்தார். அறிக்கையைச் சுருக்கி எழுதியபோது அந்தக் குறிப்பும் போய்விட்டது. மிசின் வைத்திருந்த வீடுகள் கணக்கில் இல்லை. ஆனால் அவர்கள் வாங்கிய பெற்றோல் செட்டின் கணக்கில் இருந்தது. அது எங்காவது எரிந்திருக்க வேண்டுமே. எனவே அந்தக் கரையில் உண்மையாக ஓடும் மோட்டார் சைக்கிள்களின் தலையில் அதைப் பிரித்துப் போட்டார்கள். தாளில் பார்த்தால் அந்தச் சனம் காலை முதல் மாலை வரை மோட்டார் சைக்கிளிலேயே சுற்றித் திரிவதுபோல இருக்கும்.

இது வெறும் பிழையாகவே கிடந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பிழையான கணக்கும் தன் வேலையைச் செய்யும். எங்கள் அறிக்கையை ஆட்கள் வாசிப்பதில்லை என்று நாங்கள் பகிடியாகச் சொல்வோம். பிறகு ஒருநாள் வாசித்துவிட்டார்கள். கிராமங்களுக்குப் புதிதாக பஸ் விடுவதற்கு வீதிகளைத் தெரிந்தெடுத்தபோது எங்கள் கணக்கைத்தான் எடுத்து வைத்துப் பார்த்தார்களாம். அந்தக் கரையோர வீதிக்கு நேரே, சொந்த வாகனப் பாவனை மிக அதிகம், பஸ்ஸின் தேவை குறைவு என்று எழுதினார்கள். பஸ் வேறு வீதிக்குப் போனது. அந்த வீதிக்கும் தேவைதான். அதை நான் குறை சொல்லவில்லை.

அட்டை முறை நிறுத்தப்பட்ட பிறகு ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். பிலோமினா ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் அவித்த கச்சான் மூட்டை. முல்லைத்தீவுச் சந்தைக்குப் போக யாராவது ஏற்றுவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பஸ் வருமெண்டு சொன்னாங்கள். வந்து அளந்து படமெல்லாம் எடுத்தவங்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பித்தான் இருப்பாள். ஆனால் முன்பு ஒருமுறை உண்மைதானா என்று கேட்டவள்.

"உங்கட மோட்டார் சைக்கிளுகள் சரியா ஓடுதாம். பஸ் தேவையில்லையாம்" என்றேன். எப்படி அப்படி வந்தது என்பதையும் சொன்னேன்.

அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூட்டையின்மேல் இருந்து சிரித்தாள். "அந்தச் சவத்தை நான் தள்ளின தள்ளுக்கு எனக்கு நெஞ்சுநோ வந்தது. அது ஓடுதாம்!" எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப அண்டைக்கு அந்தாளுக்கு நம்பரைக் குடுத்திருந்தா இப்ப பஸ் வந்திருக்குமோ?"

"சிலவேளை வந்திருக்கும்."

"கச்சான்?"

"கருகியிருக்கும்."

"பிறகு பஸ்ஸில எதை ஏத்திக்கொண்டு போறது?" என்று சொல்லிவிட்டு எழும்பி நின்றாள். தூரத்தில் ஒரு லொறி வருவது தெரிந்தது. கையைக் காட்டினாள். அது நிற்கவில்லை. புழுதி அடங்கும்வரை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

"நீங்கள் யோசிக்காதேங்கோ அக்கா" என்றாள். பிறகு, "ஆனா இன்னும் ஒருக்கா எண்ணுவியள்தானே?" என்றாள்.

இனி எண்ணப் போவது நான் இல்லை. இந்த ரோட்டுகளில் ஸ்கூட்டி ஓடி ஓடி என் இடுப்பு போய்விட்டது. இனி ஓட வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மிஸ்ஸும் மாற்றலாகிப் போய்விட்டார்.

உங்களுக்குப் புத்தி சொல்லும் ஆள் நான் இல்லை. அன்றைக்குப் போலத் திரும்பவும் ஒருவர் வந்து கேட்டால் நானும் திரும்ப அந்தப் பந்தியைத்தான் வாசிப்பேன். அதன் பிறகு வருவது இலேசாக இருக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். வாக்கைக் காப்பாற்றினால் கணக்கு பிழையாகலாம். கணக்கைக் காப்பாற்றினால் ஒரு வீட்டின் கிணற்றடி காயலாம். இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்றும் வழி எனக்குத் தெரியவில்லை, மிஸ்ஸுக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன். முதல் பந்தியை வாசிக்கும்போது கடகடவென்று வாசிக்காதீர்கள். முன்னால் இருப்பவர் அதை நம்பிவிடுவார்.

வரும் மாதம் புதுக் கணக்கெடுப்புத் தொடங்குகிறது. புது பஸ்களுக்கும் திரும்ப வீதிகள் பார்க்கப்போகிறார்களாம். அட்டை இல்லை, நிறுத்துவதற்குப் பங்கும் இல்லை. இப்போது அந்த ஒழுங்கையில் உள்ளவர்கள் பயமில்லாமல் இலக்கத்தோடு உள்ளதைச் சொல்லலாம், அவர்களே சம்மதித்தால் அந்த இலக்கத்தைச் சரிபார்ப்பவர்களுக்கும் காட்டலாம். உங்களில் யாருக்கு அந்தக் கரை விழுகிறதோ தெரியாது. தூரம், சரியான வெயில் என்று வேறு ஆளோடு மாற்றிக்கொள்ள வேண்டாம். பிலோமினாவின் வீட்டிலிருந்து தொடங்குங்கள். ஓடாததை ஓடாதது என்று எழுதுங்கள்.

அங்கே போக பஸ் இல்லை. சந்தியிலிருந்து ஓட்டோ பிடித்துத்தான் போக வேண்டும். அந்தப் புகையையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.